இங்கிலாந்துக் கடிதம்: பேரங்காடி வாசலில் நொண்டி நாடகம்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, லெஸ்டர் நகரிலிருந்து தம்பி மகன் வணக்கத்துடன் எழுதி அனுப்புவது.

இங்கிலாந்து நாட்டில் ஒரு மனிதரின் ஒழுக்கத்தை அளக்கும் இடம் தேவாலயமும் அன்று, நீதிமன்றமும் அன்று; கார் நிறுத்தும் இடமே என்று துணிந்து கூறலாம். தரையில் வெள்ளைக் கோடு கிழித்து, 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஒரு வண்டி என்று விதித்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் மூன்று ஸ்கூட்டரும் ஓர் ஆட்டோவும் ஒரு கரும்புச்சாறு வண்டியும் நிற்கக்கூடிய அந்தப் பரப்பில் உண்மையிலேயே ஒரு காரை மட்டும் நிறுத்திவிட்டு மக்கள் இறங்கிப் போவது, புதிதாக இந்நாட்டுக்கு வருவோரைச் சில மாதங்களுக்கேனும் வியப்பில் ஆழ்த்துகிறது. இக்கட்டங்களுள் கடை வாசலுக்கு மிக அருகே உள்ள சில, பக்கவாட்டில் 1.2 மீட்டர் அகலத்திற்குக் குறுக்குக் கோடு போட்ட வெற்றிடத்தோடும் நடுவே தீட்டப்பட்ட சக்கர நாற்காலிப் படத்தோடும் தனித்துக் கிடக்கும். மழை கொட்டும் சனிக்கிழமையில், ஒரே ஒரு கட்டத்திற்காகப் பத்து வண்டிகள் கருடன் வட்டமிடுவதுபோல் வட்டமிடும் வேளையிலும், அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோர் உண்டே தவிர உள்ளே நுழைவோர் அரியர். நுழைபவரை ஊரே நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வையைப் பற்றியதே இக்கடிதம்.

இதை எழுத நேர்ந்த காரணத்தையும் பதிவு செய்தல் முறை. பொங்கலுக்கு அனுப்பிய புகைப்படத்தில் தம்பி மகனும் மருமகளும் புத்தாடையில் நிற்க, அவர்களுக்குப் பின்னே கார் நிற்க, காரின் முன்சக்கரத்தை ஒட்டி அரைகுறையாகத் தெரிந்த சக்கர நாற்காலிப் படத்தை, ஆயுள் முழுதும் விடைத்தாள் திருத்திப் பழகிய பெரியப்பாவின் கண்கள் பூதக்கண்ணாடியின் துணையோடு கண்டுபிடித்துவிட்டன. “மருமகள் நன்றாகத்தானே நிற்கிறாள், அந்த இடத்தில் வண்டியை விடலாமா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினால் சொந்தக்காரர்களுக்குக் காட்டலாம்” என்று மறுமொழி வந்தது. நன்றாக நிற்பவருக்கு நோய் இராது என்ற முடிவும், நாலு பேர் நினைப்பது பொருட்படுத்தத் தக்கது என்ற அச்சமும், இருப்பதை மறைத்துவிட்டால் தீர்ந்தது என்ற உபாயமும் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கியிருந்தன. இம்மூன்றையும் தமிழே தெரியாத இந்நாட்டு மக்களும் நாள்தோறும் அப்படியே நினைக்கிறார்கள் என்பதால், விடை சற்று விரிவாகவே எழுதப்படுகிறது.

வாசலருகே உள்ள இடங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு அடையாளமாக வழங்கப்படுவது ‘ப்ளூ பேட்ஜ்’ எனப்படும் நீல அட்டையாகும். இதன் வேர், நாட்பட்ட நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்குமென 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தில் இருக்கிறது. மான்செஸ்டர் நகரின் வித்தன்ஷா தொகுதியைச் சேர்ந்த ஆல்ஃப் மாரிஸ் என்பவர், அமைச்சராக இல்லாத நிலையில், தனி உறுப்பினராகவே கொண்டுவந்த சட்டம் அது. இந்நாட்டு நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர்கள் மசோதா கொண்டுவரும் வாய்ப்பு பெயர்க் குலுக்கலில்தான் கிடைக்கிறது என்பதும், அக்குலுக்கலில் மாரிஸின் பெயர் முதலாவதாக வந்தது என்பதும், உத்திரமேரூர்க் குடவோலைப் பாடத்தை ஆண்டுதோறும் குரல் தழுதழுக்க நடத்திய பெரியப்பாவுக்கு மகிழ்ச்சி அளிக்கக்கூடும். 1974இல் ஊனமுற்றோர் நலனுக்கென்றே அமர்த்தப்பட்ட அமைச்சராக அவர் ஆனார். உலகிலேயே அத்தகைய பதவி அதுதான் முதலாவது. அவருடைய சட்டத்தின்படி 1971 முதல் ஆரஞ்சு நிற அட்டை வழங்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான நீல நிறத்திற்கு மாறியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பெரும் ஆரவாரத்தோடு வெளியேறிய இந்நாடு, நீலத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது.

அட்டை வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது என்பதே இதன் தலையாய விதி. நம் ஊரில் வண்டிக் கண்ணாடியில் ‘பிரஸ்’ என்றோ ‘வக்கீல்’ என்றோ ஒட்டிவிட்டால், அவ்வண்டியை மைத்துனன் ஓட்டினாலும் மைத்துனனின் நண்பன் ஓட்டினாலும் அதற்குரிய மரியாதை குறைவதில்லை. இங்கோ உரியவர் உடன் வராதபோது அட்டை வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும், உடன் வந்தால் எவருடைய வண்டியிலும் செல்லும். கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றம் இதை இங்கிலாந்தில் 10 பவுண்டுக்கு மிகாத கட்டணத்தில், பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு வழங்குகிறது. இதைக் கொண்டு தெருவோரக் கட்டண இடங்கள் பெரும்பாலானவற்றில் காசின்றி நிறுத்தலாம். நிறுத்தக் கூடாது என்பதற்கு அடையாளமான மஞ்சள் கோட்டின்மீதும், சரக்கு ஏற்றி இறக்கத் தடையில்லாத இடமாயின், மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்டுவதற்கென்று, கையால் திருப்பி வைக்கும் அட்டைக் கடிகாரம் ஒன்றும் உடன் தரப்படுகிறது. ஓடாத கடிகாரத்தை நம்பி ஓர் அரசாங்கம் சட்டம் நடத்துவது அபூர்வமே. லண்டனின் நடுப்பகுதியில் மட்டும் நீலம் முழுமையாகச் செல்லுபடியாகாது. வெஸ்ட்மின்ஸ்டர் வெள்ளை, லண்டன் சிட்டி சிவப்பு, கென்சிங்டன் செல்சீ ஊதா, கேம்டன் பச்சை என்று அங்கங்கே தனித்தனி அட்டைகள் இருப்பதால், நடக்க இயலாதவர்கள் அந்நகருக்குள் போவதற்குமுன் நிறச் சாத்திரம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விடக் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அட்டையின் ஒரு பக்கத்தில் சக்கர நாற்காலிப் படமும் எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். உரியவரின் பெயரும் புகைப்படமும் மறுபக்கத்தில் இருக்கும். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கும்போது நாற்காலிப் படம் மேல்நோக்கியும் முகம் குப்புறக் கவிழ்ந்தும் இருக்கவேண்டும் என்பது விதி. அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, முகத்தோடு முகம் ஒப்பிடும் அதிகாரம் காவலருக்கும் கவுன்சிலின் அமலாக்க அலுவலர்களுக்கும் மட்டுமே தரப்பட்டிருக்கிறது. முறைகேடு கண்டால் நீதிமன்றம் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அதாவது, அட்டைக்கு உரியவர் யார், அவருக்கு என்ன நோய் என்பவை தெருவில் போவோருக்குத் தெரியத் தேவையில்லை என்று சட்டம் முன்கூட்டியே தீர்மானித்து, அத்தீர்மானத்தை அட்டையை வைக்கும் முறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை அதிகாரத்தைத் தெருவில் போவோர் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் இல்லை, சீருடை இல்லை, ஓய்வூதியம் இல்லை. இருந்தும் இந்நாட்டில் அவ்வேலைக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

இக்குற்றத்தில் ஒரு பங்கு அந்தச் சக்கர நாற்காலிப் படத்தைச் சாரும். உலகெங்கும் மருத்துவமனைக் கதவிலும் ரயில் பெட்டியிலும் காணப்படும் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968ஆம் ஆண்டில் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்னும் டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி. அவர் வரைந்தபோது அதில் நாற்காலி மட்டுமே இருந்தது. மனிதத் தலை இல்லை. அடுத்த ஆண்டு கார்ல் மோன்டன் என்பவர் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்த பிறகுதான் நாற்காலியில் ஓர் ஆள் வந்து அமர்ந்தார். சக்கரத்தைத் தாமே உந்திச் செல்லும் துடிப்புமிக்க உருவமாக இச்சின்னத்தைத் திருத்த வேண்டும் என்ற இயக்கம் அமெரிக்காவில் எழுந்து, 2014இல் நியூயார்க் மாநிலம் புது உருவத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிமிர்ந்திருந்தாலும் முன்னே சாய்ந்திருந்தாலும் நாற்காலி நாற்காலியாகவே இருப்பதால், அப்படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் கார்க் கதவு திறந்ததும் முதலில் நாற்காலியைத் தேடுகின்றன, அது கிடைக்காதபோது ஊன்றுகோலைத் தேடுகின்றன, அதுவும் கிடைக்காதபோது குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகின்றன. மாற்றுத்திறனாளிகளுள் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் சிறு பகுதியினரே என்பதைப் படத்தால் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றியது; படத்தை மாற்றுவது அதைவிடக் கடினம் போலும்.

இனி மருமகளின் செய்திக்கு வரலாம். அவளுக்கு இருப்பது முடக்குவாதம். ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படுவது. முதுமையில் குருத்தெலும்பு தேய்ந்து வரும் மூட்டுவலி, அதாவது பெரியம்மாவுக்கு இருப்பது, இதனின்று வேறானது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளின் உள்ளுறையைப் பகையெனக் கருதித் தாக்குவதால் விளைவது இது. வேலியே பயிரை மேய்தல் என்று தமிழில் ஒரே தொடரில் சொல்லிவிடலாம். இந்நோய் முப்பது வயதிலும் வரும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் மரக்கட்டைபோல் இறுகிக் கிடக்கும், முற்பகலில் இளகும், மாலையில் காரணமே இல்லாத களைப்பு வந்து சாய்க்கும், ஒரு வாரம் அடங்கியிருந்து மறுவாரம் சீறும். பெரியப்பா பார்த்த புகைப்படம் முற்பகல் பதினொன்றரை மணிக்கு, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், நல்ல வாரம் ஒன்றில் எடுக்கப்பட்டது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எவரும் புகைப்படம் எடுக்கவில்லை. பெரியம்மா அனுப்பிய முடக்கத்தான் பொடி பத்திரமாக வந்து சேர்ந்தது. ரசத்திற்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது.

இத்தகைய நோய்களுக்கு அட்டை வழங்குவதற்கு முன் அதிகாரிகள் கேட்பது நோயின் பெயரை அன்று, நடக்கக்கூடிய தொலைவை. ‘பிப்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் உதவித்தொகைக்கான மதிப்பீட்டில் நடமாட்டத்திற்கு மதிப்பெண் போடுகிறார்கள். 50 மீட்டருக்கு மேல் நடக்க இயலாதவருக்கு எட்டு மதிப்பெண்ணும், எட்டு பெற்றவருக்கு இங்கிலாந்தில் நீல அட்டைக்கான தகுதியும் கிடைக்கின்றன. குறைவாகச் செய்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் தேர்வு உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 50 மீட்டர் என்பது பெரியப்பா வீட்டுத் திண்ணையிலிருந்து தெருக்கோடிப் பிள்ளையாரைச் சென்றடையும் தொலைவு. அதை ஒருமுறை நடந்து காட்ட முடிவதையே நடக்க முடிவதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதும் விதியில் இருக்கிறது; ஆபத்தின்றி, ஏற்கத்தக்க முறையில், நியாயமான நேரத்திற்குள், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடியவேண்டும். பிள்ளையாரிடம் போய்விட்டுத் திண்ணைக்குத் திரும்ப முடியாதவர், விதியின் கண்ணில், பிள்ளையாரிடம் போகவே இல்லை. இந்த நுட்பம் கடை வாசலில் நிற்போருக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது காரிலிருந்து கதவு வரையுள்ள பன்னிரண்டு அடி மட்டுமே.

வெளியே தெரியாத இக்கணக்கை விளக்க, லூபஸ் என்னும் நோயுற்ற கிறிஸ்டின் மிஸராண்டினோ என்ற அமெரிக்கப் பெண்மணி 2003இல் ஒரு வழியைக் கூறினார். உணவகத்தில் எதிரே அமர்ந்த தோழி, நோயோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்டபோது, அவர் மேசைகளில் கிடந்த கரண்டிகளையெல்லாம் திரட்டித் தோழியின் கையில் கொடுத்து, ஒரு நாளுக்குரிய உடல் வலிமை இவ்வளவுதான் என்றார். குளித்தால் ஒரு கரண்டி போயிற்று, உடை உடுத்தினால் மற்றொன்று போயிற்று. நலமுள்ளவர் எண்ணாமலே செலவிடும் ஒன்றை நோயுள்ளவர் எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். மாதத்தின் இருபத்தைந்தாம் தேதி ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்திய பெரியம்மாவுக்கு இக்கோட்பாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. வாசலருகே வண்டியை நிறுத்துவதால் மிஞ்சும் ஒரு கரண்டியில்தான் மருமகள் அன்றைய காய்கறியை வாங்கி முடிக்கிறாள்.

பார்வையின் வகைகளை இனிக் காணலாம். முதலாவது, வெறும் பார்வை: வண்டியிலிருந்து இறங்குபவரின் கால்களில் தொடங்கி, முகம் வரை ஏறி, மீண்டும் கால்களுக்கு இறங்கி, அட்டையில் சென்று நிலைகொள்வது. இரண்டாவது, தம் மனைவியிடமோ நாயிடமோ கூறுவதுபோல் உரக்கக் கூறுவது. “சிலருக்கு வெட்கம் என்பதே கிடையாது, இல்லையா?” என்ற கேள்விக்கு நாய் விடை சொல்வதில்லை. மூன்றாவது, உச்சுக் கொட்டுதல். இதில் மொழிகளுக்கிடையே பெரும் பள்ளம் இருக்கிறது. நாக்கை மேல்வரிசைப் பல்லில் ஒட்டி எடுத்து எழுப்பும் அவ்வொலி தமிழருக்கு இரக்கக் குறிப்பு, ‘அடப் பாவமே’ என்பதன் சுருக்கம். இங்கோ அதே ஒலி கண்டனக் குறிப்பு. மருமகள் முதன்முதலாக அட்டையோடு கடைக்குச் சென்ற நாளில், ஒரு மூதாட்டி அவளைப் பார்த்து மூன்று முறை உச்சுக் கொட்ட, இந்நாட்டிலும் இத்தனை இரக்கமா என்று நெகிழ்ந்து அவள் நன்றி சொல்ல, அம்மூதாட்டி திகைத்துப்போய்த் தம் தள்ளுவண்டியைத் தவறான வழியில் தள்ளிக்கொண்டு போனார். நான்காவது வகை, காரின் வைப்பரில் செருகப்படும் சீட்டு. சீட்டு எழுதுபவர் நேரில் பேசுவதைப் பண்பற்றது என்று கருதும் குடியினர் ஆதலால், அழகிய கையெழுத்தில், ‘ப்ளீஸ்’ என்று தொடங்கி, உண்மையாகவே தேவைப்படும் ஒருவர் இன்று தொலைவில் நிறுத்தி நடந்திருப்பார் என்பதைச் சிந்திக்கும்படி வேண்டி, கையொப்பம் இடாமல் முடிப்பார். ஏசுவதிலும் இலக்கணப் பிழை இல்லாதது கண்டால் பெரியப்பாவே மதிப்பெண் போட்டுவிடுவார்.

ஒப்பு நோக்குவதற்குக் கும்பகோணம் தஞ்சாவூர்ப் பேருந்து ஒன்றே போதும். சென்ற முறை ஊருக்கு வந்தபோது அதில் மருமகள் ஏறி உட்கார்ந்து முழங்காலைத் தடவிய மாத்திரத்தில், பக்கத்து இருக்கை அம்மாள் “கால்ல என்னம்மா?” என்று தொடங்கி, வயது என்ன, குழந்தைகள் எத்தனை, எந்த டாக்டர் என்று விசாரித்து, தம் நாத்தனாருக்கு இதே நோய் வந்து எண்ணெய்க் குளியலை விட்டதால் முற்றியது என்ற வரலாற்றையும் கூறி முடித்தார், தஞ்சாவூர் வருவதற்குள் நடத்துநர் உட்பட அனைவரும் முடக்குவாதத்தில் தேர்ச்சி பெற்றிருந்தனர். இங்கு எவரும் கேட்பதில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். அங்கு கேட்ட பிறகு மருந்து சொல்கிறார்கள். இரண்டுமே அத்துமீறல் என்பதில் ஐயமில்லை, முன்பின் அறியாதவரிடம் நோய் வரலாறு ஒப்பிக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர். எனினும் மருமகளைக் கேட்டால், நாத்தனார் கதை சொன்ன அம்மாளே மேல் என்கிறாள். அவரிடம் பதில் சொல்ல வாய்ப்பு இருந்தது என்பது அவள் வாதம்.

எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியலாளர் 1963இல் எழுதிய ‘ஸ்டிக்மா’ என்ற நூலில், சமூகம் இழுக்காகக் கருதும் குறையுடையோரை இரு வகையாகப் பிரித்தார். குறை வெளிப்படையாகத் தெரிபவர் ஒரு வகை; தெரியாமல் இருந்து எந்நேரமும் தெரிந்துவிடக் கூடியவர் மற்றொரு வகை. முதல் வகையினர் பிறரது சங்கடத்தைச் சமாளிக்க வேண்டியவர்கள். இரண்டாம் வகையினரோ, சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது, எவ்வளவு என்று செய்தியைச் சமாளிக்க வேண்டியவர்கள். காஃப்மன் மறைக்க விரும்புவோரையே பெரிதும் மனத்தில் கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடம் அவருடைய கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது: இங்கு குறை தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இல்லை, தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சம்தான்.

இவ்வச்சத்தின் விளைவைப் பெரியப்பாவைப்போல் புரிந்துகொள்ளக் கூடியவர் இந்நாட்டில் எவரும் இல்லை. தமிழில் நொண்டி நாடகம் என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் முதலியவை அதில் அடங்கும். பொருளைத் தாசி வீட்டில் தொலைத்து, குதிரை திருடப் போய், அகப்பட்டு, தண்டனையாகக் கால் வெட்டுண்ட ஒருவன், ஒற்றைக் காலில் நொண்டியபடி மேடையில் தன் கதையைத் தானே பாடி நடிப்பதும், இறுதியில் இறையருளால் காலைத் திரும்பப் பெறுவதும் அதன் அமைப்பு. அந்நாடகம் வழக்கொழிந்ததாகப் பெரியப்பா வகுப்பில் வருந்தியதுண்டு. ஒழியவில்லை, லெஸ்டரில் ஒரு பேரங்காடி வாசலில் வாரந்தோறும் நடைபெறுகிறது. காரிலிருந்து இறங்கும்போது எதிரே உற்றுநோக்கும் இரண்டு கண்கள் தென்பட்டால், மருமகள் தன்னை அறியாமலே ஒரு காலைச் சற்று இழுத்து வைக்கிறாள். வலி கைம்மூட்டில் இருக்கும் நாளிலும் கால்தான் நொண்டும், கை வலிப்பது பார்ப்போருக்கு விளங்காது என்பதனால். ஒருநாள் போகும்போது இடக்காலும் வரும்போது வலக்காலும் நொண்டியதைத் தம்பி மகன் சுட்டிக்காட்ட, இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. பழைய நாடகத்தில் திருடியவன் நொண்டினான். இப்புதிய நாடகத்தில், தான் திருடவில்லை என்று மெய்ப்பிக்க ஒருத்தி நொண்ட வேண்டியிருக்கிறது. பழைய நாடகத்தில் கால் திரும்பக் கிடைத்தால் பார்வையாளர் கைதட்டினர். இங்கு நல்ல நாளில் கால் கொஞ்சம் நன்றாக நடந்துவிட்டால் அதுவே சான்றாகிவிடுகிறது.

அரசும் இச்சிக்கலை உணராமல் இல்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் முதல் இங்கிலாந்தில் நீல அட்டை, கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உடையோருக்கும் விரிவாக்கப்பட்டது. வெளியே பயணம் செய்வதே தாங்கொணா மனத்துயரை விளைவிக்கும் நிலையில் உள்ளவர்களும், ஆட்டிசம் முதலியவற்றால் தமக்கோ பிறருக்கோ கடுந்தீங்கு நேரக்கூடும் என்ற நிலையில் உள்ளவர்களும் இதனால் தகுதி பெற்றனர். விரிந்தது சட்டம்தான், தரையிலுள்ள படம் அதே நாற்காலி. வேறு சில வழிகளும் தோன்றியுள்ளன. லண்டன் சுரங்க ரயிலில் 2017 முதல், உட்கார இடம் தருமாறு வேண்டும் வாசகம் பொறித்த வில்லை கேட்போருக்குக் காரணம் கேளாமல் வழங்கப்படுகிறது. கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை, பச்சை நாடாவில் மஞ்சள் பூக்கள் அச்சிட்டுக் கழுத்தில் அணிவது, இப்போது கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பரவலாகக் காணக்கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு என்பதில் மறுப்பில்லை. ஆயினும், நோயை மறைக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, அதை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டால்தான் ஊர் சும்மா இருக்கும் என்பது சற்றே விந்தையான பேரம். மருமகள் ஒரு பட்டை வாங்கினாள். பட்டுப்புடவைக்குப் பொருந்தவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

பார்ப்போர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் கடிதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். இறந்துபோன பாட்டியின் அட்டையை வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் பேரன்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்; அட்டைக்காகவே கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவோரும் இருக்கிறார்கள். இரண்டே நிமிடம் என்று அட்டையே இல்லாமல் அவ்விடத்தில் நிறுத்திவிட்டு ஓடுவோரும் இருக்கிறார்கள், அந்த இரண்டு நிமிடத்தில் சக்கர நாற்காலியோடு ஒருவர் வந்து இடமின்றித் திரும்பிப் போவதும் நடக்கிறது. ஆகவே சினம் பொய்யன்று. ஆனால் அட்டை உள்ள வண்டியின் எண்ணைக் குறித்துக் கவுன்சிலுக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்கென்று சம்பளம் வாங்குவோர் வந்து, கவிழ்ந்து கிடக்கும் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். முகத்தைத் தாமே பார்த்து முடிவு செய்வோருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

இதை எழுதுபவனும் அக்கூட்டத்தில் இருந்தவனே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மருமகளுக்கு நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டில், அட்டை வைத்த காரிலிருந்து ஓர் இளைஞன் குதித்து இறங்கிக் கடைக்குள் ஓட்டமாக ஓடியதைக் கண்டு, ஓடத் தெரிந்தவனுக்கு எதற்கு இந்த இடம் என்று தம்பி மகன் தமிழிலேயே உரக்கச் சொன்னதுண்டு. மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்திருக்கும், ஏனெனில் அவன் திரும்பிப் பார்த்தான். குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோயுடையோர் கழிப்பறைக்கு ஓட நேர்வதும், அதற்காகவே வாசலருகே இடம் தேவைப்படுவதும் பின்னாளில் தெரிந்தன. அந்த இளைஞனுக்கு அந்நோயா, வேறு நோயா, நோயே இல்லாத மோசடியா என்பது இன்றுவரை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. திரும்பிப் பார்த்த முகம் மட்டும் மறக்கவில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக உயர்த்தி, பார்க்கின்சன் நோய், தலசீமியா, ஹீமோபிலியா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்று பார்த்த மாத்திரத்தில் தெரியாத பலவற்றையும் சேர்த்திருப்பதைப் பெரியப்பா செய்தித்தாளில் படித்திருக்கக்கூடும். பெரியம்மா தொலைபேசியில் கூறிய நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. சென்ற மாதம் தஞ்சாவூர்ப் பேருந்தில், மாற்றுத்திறனாளிகளுக்கென எழுதப்பட்ட இருக்கையில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவனைப் பெரியப்பா கண்டித்து எழுப்பினார்கள்; அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். உட்காருங்கள் ஐயா என்று நடத்துநர் வேண்டியபோது, தமக்கு ஒன்றும் இல்லை, உடம்பு கல்லுப்போல் இருக்கிறது என்று பெரியப்பா மறுத்துவிட்டார்கள். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதமே ஆகியிருந்தது. அவ்விருக்கை பாபநாசம் வரை காலியாகவே சென்றதாகப் பெரியம்மா சொன்னார்கள்.

சித்திரையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இங்கு வரும்போது, விமான நிலையத்திலேயே சக்கர நாற்காலி உதவிக்குச் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லுப்போன்ற உடம்பு என்று அங்கும் மறுத்துவிட வேண்டாம். பொங்கல் புகைப்படம் இக்கடிதத்துடன் மீண்டும் அனுப்பப்படுகிறது, காரும் தரையும் தரையிலுள்ள படமும் முழுமையாகத் தெரியும்படி சற்றுப் பெரிதாக. சொந்தக்காரர்களுக்குக் காட்டும்போது எதையும் வெட்டாமல் காட்டும்படி மருமகள் கேட்டுக்கொள்கிறாள்.